சதொயோ வீட்டு வெயிலுக்கு இணக்கச் சான்று

ஒரு நாள் மூச்சின் விலை நூற்றுப் பதினோரு யென். நான் சொல்வது சதொயோ-சானின் மூச்சை. மற்றவர்கள் மூச்சுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

சதொயோ-சான் விசாரித்தார். எழுபத்தோரு வயது அம்மா. நுரையீரல் இரண்டும் பாதி வேலைநிறுத்தம். வீட்டுக்குள் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் இருபத்துநாலு மணி நேரமும் புஸ் புஸ்ஸென்று காற்றை வடிகட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து எட்டு மீட்டர் குழாய் அவர் மூக்குக்கு. அந்த எட்டு மீட்டர்தான் அவருடைய உலகம். சமையலறை வரை எட்டும், வாசல் வரை எட்டாது. ஒசாகா வளைகுடாவின் தெற்குக் கரையில், எங்கள் கடைத்தெருவில், மூன்று தலைமுறையாக மின்சாமான் கடை வைத்திருக்கிற இகேஜிரி நான். அவர் வீட்டுக்குப் போய், மெஷினின் பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்துக் கால்குலேட்டரைத் தட்டி, நூற்றுப் பதினொன்று என்றேன்.

“நூறாக்குங்க,” என்றார். கருவாட்டுக் கடைக்காரர் மகள். பேரம் பேசாமல் மருந்துகூட வாங்க மாட்டார்.

“கரண்ட் விலை என் கையில இல்லீங்களே.”

“அப்ப அந்தப் பதினோரு யெனுக்கு மூச்சு விடாம இருந்துக்கறேன். எவ்வளவு நேரம் வரும்?”

“ரெண்டு மணி இருபத்துமூணு நிமிஷம்.”

“அவ்வளவு நேரம் நான் பேசாமலே இருக்க மாட்டேன், மூச்சு விடாமலா?” என்று சிரித்தார். சிரித்ததற்கு அபராதமாக மூன்று நிமிடம் இருமினார்.

அவர் கணவர் நிஷிவாகி ஷோஹேய் முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியதில்லை. தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும், நடந்து போகும்போதும், சிவப்பு விளக்குக்கு நின்று பச்சைக்குத்தான் போவார். அரசாங்கம் என்றால் அவருக்கு ஒரு பெரிய பேருந்து. ஓட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

முந்தின வருடப் புயலில் எங்கள் பகுதியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மெஷின் நின்றுபோனது. கையிருப்புக்கு நாலு ஆக்ஸிஜன் சிலிண்டர். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்கு இறங்குவதை ஷோஹேய்-சான் முழங்கால் மடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி சிலிண்டரில் கால் பங்கு இருக்கும்போது சிலிண்டர்காரர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் ஷோஹேய்-சான் என் கடை வாசலில் நின்றார்.

“லாபமா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பது.

“ஏதோ ஓடுது.”

“இகேஜிரி-சான், அந்த முள்ளை இன்னொரு தரம் பார்க்க என்னால ஆகாது. கூரையில வெயில் சும்மாதானே விழுது. அதைப் பிடிச்சு மெஷினுக்கு விட என்ன ஆகும், சொல்லுங்க.”

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதி ஆகும் என்றேன். பேரம் பேசாமல் தலையாட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் பேரம் பேசாததற்கு நான் வருத்தப்பட்டேன். நானாகவே ஐந்து சதவீதம் குறைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மூன்று நாளில் வேலை முடிந்தது. கூரையில் பத்து பேனல். சுவரோரம் ஒரு பேட்டரி. கரண்ட் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரி மெஷினைத் தாங்கிக்கொள்ளும். ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. அதைத் தட்டுவதற்குக் கதிரொளி இணக்க வாரியத்தின் சான்று வேண்டும்.

வாரியத்தைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது கரண்ட் தயாரிப்பதில்லை, வெயிலும் தயாரிப்பதில்லை. கரண்டும் வெயிலும் ஒன்றையொன்று சந்திக்கும்போது மரியாதைக் குறைவு நேராமல் பார்த்துக்கொள்கிறது. வாரியத்து ஆள் ஒருவர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். என் சுவிட்சின் மேல் சிவப்புத் தாள் முத்திரை ஒன்றை ஒட்டினார். அதற்கு ஒரு தடவை குனிந்து வணங்கினார். “ஆறு வாரத்துல வந்துடும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரத்தில் வந்திருக்கும். ஷோஹேய்-சான் மரியாதைக்காரராக இல்லாமலிருந்தால்.

எங்கள் பக்கம், வீட்டில் வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்து, சத்தம் தூசியெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். ஷோஹேய்-சான் பதினோரு வீட்டுக்கும் துண்டு கொண்டுபோனார். கூடவே தன் கையால் எழுதிய ஒரு கடிதம்: ‘எங்கள் கூரையின் பளபளப்பால் உங்களுக்குப் பெரும் தொந்தரவு நேரப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.’ பளபளப்பும் இல்லை, தொந்தரவும் இல்லை. ஆனால் மன்னிப்பு இல்லாத கடிதத்தை எப்படித் தொடங்குவது? விண்ணப்பத்தோடு ‘அயலாருக்கு அறிவித்ததற்கு ஆதாரம்’ கேட்டிருந்தார்கள். இவர் கடிதத்தின் நகலை வைத்தார்.

ஜூனில் எங்களைக் கூப்பிட்டார்கள். தலைமை இணக்க அதிகாரி ஹனவா ஐம்பது வயது மனிதர். எதையும் தொடுவதற்கு முன்னால் மேசைத் துணியை நேராக்குவார்.

“நிஷிவாகி-சான், உங்க நேர்மைக்குத் தலைவணங்கறேன்,” என்றார். வணங்கவும் செய்தார். “பெரும் தொந்தரவு நேரப்போகுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்படி ஒப்புக்கறவங்க அபூர்வம்.”

“ஐயா, அது சும்மா மரியாதைக்கு எழுதினது.”

“மரியாதைக்குப் பொய் எழுதினீங்கன்னு நான் பதிவு பண்ண மாட்டேன். அது உங்களுக்கு அவமானம். அதனால தொந்தரவு உண்மைன்னே வெச்சுக்கறோம். எவ்வளவு தொந்தரவுன்னு நாலு பருவமும் கூர்ந்து பார்க்கணும். ஒரு வருஷம்.”

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க,” என்றார் ஷோஹேய்-சான், பழக்கத்தில்.

ஹனவா அதையும் குறித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு தொக்குனாகா அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். எண்பத்திரண்டு வயது, உப்பில் ஊறவைத்த கத்திரிக்காயை வாரியத்துக்கே ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். “தொந்தரவா? அவங்க கூரை வெளிச்சத்துல என் துணி அரை மணி சீக்கிரம் காயுது, சாமி!” என்றார், உதவுவதாக நினைத்துக்கொண்டு. ஹனவாவின் முகம் கவலையாயிற்று. விண்ணப்பதாரர் கூரையிலிருந்து அயலாருக்கு விலையில்லா வெளிச்சம் போகிறது. அதற்கு வேறு படிவம். கத்திரிக்காயை லஞ்சமாகக் கருத நேரிடும் என்று திருப்பிக் கொடுத்தார். டப்பாவில் இரண்டு குறைந்திருந்தது.

அடுத்தது முத்திரை. வீடு சதொயோ-சான் பெயரில். அதனால் விண்ணப்பமும் அவர் பெயரில். எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை, அதை அவர் கையால்தான் குத்த வேண்டும். படிவத்தின் அடியில் ஆறு கட்டங்கள். இடது ஓரம் வாரியத் தலைவருக்கு, வலது ஓரம் விண்ணப்பதாரருக்கு. அலுவலகங்களில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: கீழே உள்ளவன் தன் முத்திரையைப் பெரியவர் பக்கம் சற்றே சாய்த்துக் குத்துவான், குனிந்து கும்பிடுகிற மாதிரி. வாரியம் அந்த எழுதாத வழக்கத்தை எழுதி வைத்துவிட்டது. கோணமானி வைத்து.

சதொயோ-சான் நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நெட்டுக்குத்தலாக, அழகாகக் குத்தினார். திரும்பி வந்தது: ‘தலைவர் முன்னால் நிமிர்ந்து நிற்கிறது.’

இரண்டாவது தடவை கை நடுங்கி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது: ‘தலைவருக்கு முதுகு காட்டுகிறது.’

மூன்றாவது தடவை நன்றாகவே சாய்த்தார். ‘அறுபது பாகை. கேலியாகக் கருத இடமுண்டு.’

“படுத்துக்கிட்டே குத்திடட்டுமா?” என்றார் சதொயோ-சான். “எப்படியும் பாதி நாள் படுத்துதான் இருக்கேன்.”

“சும்மா இரு,” என்றார் கணவர். “அவங்க வேலையை அவங்க பார்க்கறாங்க.”

“நீங்க நாற்பது வருஷம் வளைவுல திருப்பினவர்தானே, என்னங்க? இத்தனை வளையத் தெரியாத பொண்டாட்டியை எப்படிக் கட்டினீங்க?”

நாலாவது தடவை ஷோஹேய்-சான் அட்டையில் கோணம் வெட்டி அதன் மேல் மனைவி கையைச் சாய்த்துப் பிடித்தார். இருபத்தைந்து பாகை. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதற்குள் ஆகஸ்ட். புயல் காலத்துக்கு மூன்று வாரம். நான் வியாபாரி, ஒரு கதவு அடைத்தால் பின்கதவு எங்கே என்றுதான் பார்ப்பேன். “ஷோஹேய்-சான், ஊர்க் கம்பியோட சேர்த்தாத்தானே இவங்க அனுமதி? சேர்க்கவே வேண்டாம். பேனல், பேட்டரி, மெஷின், மூணும் தனிக் குடித்தனம். அறுத்து விட்டுடறேன்,” என்றேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே, “கேட்டுட்டுச் செய்வோம்,” என்றார். கேட்டோம்.

இணைக்கத்தான் அனுமதி வேண்டும் என்று நினைத்தது எங்கள் அறியாமை. இணைக்காமலிருப்பதற்கும் விண்ணப்பம் உண்டு. அதில் ஏழாவது கேள்வி: ‘எந்த மின்கம்பத்தோடு இணையப்போவதில்லை? கம்ப எண்ணைக் குறிப்பிடவும்.’

“எதோடும் இல்லைன்னு எழுதலாமா?” என்று கேட்டேன்.

“அது பொதுப்படையா இருக்கு,” என்றார் ஹனவா. “இந்த நகராட்சியில பதினாலாயிரம் கம்பம் இருக்கு. எதோடு இணையலைன்னு தெரிஞ்சாத்தானே, இணையலைன்னு நாங்க உறுதிப்படுத்த முடியும்?”

ஷோஹேய்-சான் தொப்பி போட்டுக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக, சில்வண்டு கத்துகிற வெயிலில் கம்பம் கம்பமாக எண் எழுதக் கிளம்பினார். தன் பழைய பேருந்துத் தடத்தின் வரிசையிலேயே போனார். நாலு நாளில் அறுநூற்றுப் பதினேழு கம்பம் எழுதியிருந்தார். ஐந்தாம் நாள் வெயிலில் தலை சுற்றி விழுந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. எந்த வெயிலுக்கு அனுமதி கிடைக்கவில்லையோ அதே வெயில்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி புயல் வந்தது. வாரியத்திடம் கேட்காமலே வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று.

அந்த வருடம் சிலிண்டர் ஆறு வாங்கி வைத்திருந்தார்கள். பதினெட்டு மணி நேரம். மறுநாள் காலை, புயல் துடைத்துவிட்டுப் போன வானம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. மேகம் ஒரு பொட்டு இல்லை. கூரையில் பத்து பேனலும் முழு வெயில் குடித்துக்கொண்டிருந்தன. கீழே, கடைசி சிலிண்டரின் முள் பாதியில். பாலம் மூடியதால் சிலிண்டர்காரர் வர முடியாது என்று செய்தி. நான் ஒடிந்த மரங்களைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது ஷோஹேய்-சான் சிவப்புத் தாள் முன்னால் நின்று வாரியத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார். ஒலிப்பதிவு ஒரு பெண் குரலில் சொல்லியது: ‘மின்தடை காரணமாக எங்கள் மின்தடை உதவிப் பிரிவு இன்று இயங்காது. தொந்தரவுக்கு வருந்துகிறோம்.’

“பார்த்தீங்களா, அவங்களும் தொந்தரவை ஒப்புக்கறாங்க,” என்றேன். அவர் போனை வைத்தார்.

“கிழிச்சுப் போடுங்க!” என்றேன்.

“கிழிக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு.”

உள்ளே இருமல் கேட்டது. அவர் சமையலறைக்குப் போனார். பிறகு காஸ் அடுப்பில் கெட்டிலை வைத்தார். ஆவி வந்ததும் கெட்டிலைக் கொண்டுவந்து, தாளின் ஓரத்தில் காட்டி, ஒரு நுனியும் கிழியாமல் முத்திரையை உரித்தெடுத்தார். அதை ஒரு தட்டில் வைத்தார். தட்டுக்கு ஒரு தடவை குனிந்து வணங்கினார். அப்புறம்தான் சுவிட்சைத் தட்டினார்.

மெஷின் புஸ்ஸென்றது. அவர் கடைசி சிலிண்டரின் திருகை மூடினார்.

மூன்று நாள் கரண்ட் வரவில்லை. அந்த மூன்று நாளும் தெருவில் அந்த ஒரு வீடுதான் வீடு. தொக்குனாகா அம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். போனுக்குச் சார்ஜ் போடப் பதினோரு வீட்டாரும் வந்தார்கள். நான் ஒரு பலகையில் ஆறு பிளக் மாட்டிக் கொடுத்தேன். சதொயோ-சான் குழாயோடு நடுவில் உட்கார்ந்துகொண்டு, “ஒரு போனுக்கு ஒரு வம்புக் கதை. கதை இல்லாதவங்க வரிசையில நிக்காதீங்க,” என்று வசூல் செய்தார். ஷோஹேய்-சான் எல்லோருக்கும் பார்லி டீ ஊற்றினார். அப்படி ஒரு களையை அந்த முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கரண்ட் வந்ததும் சோற்றுப் பசை தடவி முத்திரையைப் பழைய இடத்தில் ஒட்டினார். ஒரு மயிரிழை பிசகில்லை. தெய்வமே வந்து பார்த்தாலும் தெரியாது. அத்தோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே வாரியத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார்: ‘செப்டம்பர் பத்து முதல் பன்னிரண்டு வரை, அனுமதி இல்லாமல், எங்கள் கூரை வெயிலைப் பயன்படுத்திவிட்டோம்.’

“ஏங்க இப்படிப் பண்ணினீங்க?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“வண்டியில கீறல் விழுந்தா அன்னிக்கே எழுதிக் குடுக்கணும். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான்,” என்றார்.

நவம்பரில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. ‘சான்று பெறாத மின்சாரத்தால் சுவாசித்த நபர் நேரில் ஆஜராக வேண்டும்.’ டாக்டர் சீட்டை அனுப்பிப் பார்த்தோம். நோயாளி வர இயலாதவர் என்பதை நோயாளி நேரில் வந்து உறுதிப்படுத்தலாம் என்று பதில். “போயிட்டு வந்துடுவோம்,” என்றார் சதொயோ-சான். “முள்ளைப் பார்த்து நீங்க உட்கார்ந்திருக்கறதை நான் இன்னொரு தரம் பார்க்க மாட்டேன். சான்று வாங்கியே ஆகணும்.”

மூன்று மணி நேரச் சிலிண்டர் ஒன்றைச் சக்கர வண்டியில் வைத்து அழைத்துப்போனோம். விசாரணை நாலாவது மாடியில். அது மின்சிக்கன மாதம். லிஃப்டை நிறுத்தி, கதவில் சிரிக்கிற சூரியன் படம் ஒட்டியிருந்தார்கள். முதுகில் தூக்கிக்கொள்கிறேன் என்றார் ஷோஹேய்-சான். “இந்த வயசுல ஊர் சிரிக்கும்,” என்று சதொயோ-சான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு படி, நாலு மூச்சு. ஒரு படி, ஐந்து மூச்சு. நான் சிலிண்டரோடு பின்னால். நாற்பது நிமிடம். மேலே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஹீட்டரும் போடவில்லை. வாரியத்தார் ஐந்து பேரும் ஓவர்கோட்டும் மஃப்ளருமாக, முன்மாதிரியாக, நடுங்கிக்கொண்டு இருந்தார்கள்.

ஹனவா மேசைத் துணியை நேராக்கினார்.

“வாரியம் உங்க எதிரி இல்லை. இதை முதல்ல சொல்லிடறேன். பதினோரு வருஷமா நடக்குது. நாங்க சான்று குடுத்த ஒரு வீட்டுலகூட இதுவரைக்கும் விபத்து நடந்ததில்லை.”

“எத்தனை வீட்டுக்குக் குடுத்திருக்கீங்க?” என்று கேட்டேன்.

“நாலு. மூணு எங்க உறுப்பினர்கள் வீடு. பொறுப்பு தெரிஞ்சவங்க.” அவர் தொடர்ந்தார். “வெயில் எல்லார் தலையிலயும் சமமா விழுது. அதை ஒரு வீடு மட்டும் பிடிச்சு வெச்சா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? அந்த மூணு நாள் ஊரே இருட்டுல இருந்துச்சு. அது ஒரு ஒற்றுமை. நாங்களும் மெழுகுவத்தியிலதான் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கட்டடத்துக் கூரையில அறுபது பேனல் இருக்கு, தெரியுமா? சான்று வரலைன்னு நாங்களே சுவிட்சைப் போடலை.”

“சான்று யார் குடுக்கணும்?”

“நாங்கதான். எங்களுக்கே நாங்க சலுகை காட்டினா நல்லாவா இருக்கும்?”

மற்ற நால்வரும் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். ஹனவா சதொயோ-சான் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க சுவாசிச்சது சான்று இல்லாத கரண்டுலன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதுங்க,” என்றார் சதொயோ-சான். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. “வாசனை வேற. வெயில்ல காயப்போட்ட மெத்தை வாசனை.”

ஓரத்தில் குறிப்பெழுதுகிறவர் ‘மெத்தை’ என்று எழுதிக்கொண்டார்.

“மூணு நாள் மூச்சைத் திருப்பிக் கேட்டீங்கன்னா சொல்லுங்க ஐயா. ஒரேயடியா முடியாது. தவணையில தர்றேன்.”

“அப்படியெல்லாம் கேட்கறதில்லை,” என்று ஹனவா பெருந்தன்மையோடு சொன்னார். “மன்னிப்புக் கேட்டாப் போதும்.”

ஷோஹேய்-சான் எழுந்தார், குனிந்தார், பாதியில் நின்றார். “கேட்டா அதையும் ஒப்புக்கொண்டதா எழுதிக்குவீங்களா? இன்னும் ஒரு வருஷம் ஆகுமா?”

“அது கேட்டப்புறம்தான் தெரியும்.”

அவர் வளைந்தபடியே மனைவியைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஹனவா சலுகையின் ஆபத்துகளைப் பற்றி மறுபடி தொடங்கியிருந்தார். ஷோஹேய்-சான் நிமிர்ந்தார்.

“நாங்க இறங்கிக்கறோம்,” என்றார்.

“விசாரணை முடியலையே. இது நிறுத்தம் இல்லை, நிஷிவாகி-சான்.”

“தெரியும்ங்க,” என்று சொல்லிவிட்டு, குனிந்து, மனைவியை முதுகில் ஏற்றிக்கொண்டார். நாலு மாடியும் அவரே இறக்கினார். அந்த அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “மெதுவா, என்னங்க. வளைவு வருது,” என்றார்.

அந்தக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. டிசம்பர் முழுக்க ஆஸ்பத்திரி. அங்கே ஆக்ஸிஜன் சுவரிலிருந்து வரும். கத்திரிக்காய் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். “இந்தச் சுவர்ல ஒரு நாள் மூச்சு எவ்வளவுன்னு விசாரிச்சீங்களா?” என்றார். இன்சூரன்ஸில் வருகிறது என்றேன். “அப்ப நிறைய விட்டுக்கறேன்,” என்றார். ஜனவரி பதினாறாம் தேதி, ஊரெல்லாம் கரண்ட் நன்றாக இருந்த ஒரு மதியத்தில், நிறுத்திக்கொண்டார்.

வாரியத்திலிருந்து இரங்கல் தந்தி வந்தது. எதை அனுப்பினாலும் அவர்கள் ஏட்டில் உள்ள விண்ணப்பதாரர் பெயருக்குத்தான் அனுப்ப முடியும். ‘நிஷிவாகி சதொயோ அவர்களுக்கு. தங்கள் மறைவு குறித்து ஆழ்ந்த வருத்தம். தங்கள் விண்ணப்பம் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது.’ ஷோஹேய்-சான் அந்த உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். “அவ பேருக்கு வந்திருக்கு. நான் பிரிக்கலாமா?” என்று கேட்டார். நான் பிரித்துப் படித்தேன். உள்ளே என்ன என்று கேட்டார். வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூனில் நாலு பருவமும் முடிந்தது. தொந்தரவு எதுவும் காணப்படவில்லை. சான்று வந்துவிட்டது, தங்க ஓரம், ஆறு முத்திரை, ஐந்தும் தலைவரை நோக்கிச் சாய்ந்து. வெள்ளைக் கையுறைக்காரர் வந்து சிவப்புத் தாளை எடுத்தார். சோற்றுப் பசை வாடையை முகர்ந்தார். குறித்துக்கொண்டார். சுவிட்சை ஷோஹேய்-சானே தட்டினார். வீட்டில் எதுவும் புஸ்ஸென்று சத்தம் போடவில்லை. மெஷினை பிப்ரவரியிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஆள் சோறு வேகிற பானை. மிச்ச வெயில் எல்லாம் ஊர்க் கம்பிக்குப் போகிறது. வாரியம் அதை வாங்கிக்கொள்கிறது. பணம் சான்றில் இருக்கிற பெயரின் வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். இறந்தவர் கணக்கை வங்கி மூடி வைத்திருக்கிறது. பெயரை மாற்றலாம், அதற்குச் சதொயோ-சான் பிறந்ததிலிருந்து இறந்தது வரை எல்லாக் குடும்பப் பதிவேடும், புது முத்திரையும், இன்னொரு நாலு பருவமும் வேண்டும்.

“மாத்திடலாம், ஷோஹேய்-சான். நான் அலையறேன்.”

“வேண்டாம்,” என்றார். “மாசா மாசம் அவ பேருக்கு ஒரு தபால் வருது. வேற யாரு எழுதறாங்க அவளுக்கு?”

இப்போது பிரிக்கலாமா என்று அவர் கேட்பதில்லை. என் கடைக்கு எடுத்துவந்து கல்லாவில் வைப்பார், நான் சத்தமாகப் படிப்பேன். முதலாவது தபால் இப்படி:

நிஷிவாகி சதொயோ அவர்களுக்கு, ஜூலை மாதக் கணக்கு.
கூரையில் விளைந்தது: 438 யூனிட்.
வீட்டில் செலவானது: 41 யூனிட்.
வாரியம் வாங்கியது: 397 யூனிட், யூனிட் 16 யென் வீதம், 6,352 யென்.
கழிவு, இணக்கக் கட்டணம்: 1,100 யென்.
கழிவு, முத்திரைத் தாளுக்குப் பசையால் நேர்ந்த சேதம்: 330 யென்.
கழிவு, சென்ற செப்டம்பரில் சான்றின்றி எடுத்த வெயில், 27 யூனிட்: 837 யென்.
தங்களுக்குத் தர வேண்டியது: 4,085 யென்.
தங்கள் கணக்கு பணத்தை ஏற்கவில்லை.
பாக்கி, அடுத்த மாதத்துக்கு.